சுருட்டின் தரமும் நிலத்தின் குணமும்

ஒரு விளைபொருளின் தரத்தை வாங்குகிறவனிடம் கேட்டறிகிற குடியானவன், அதன் விலையையும் அவனிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவனாகிறான். நெல்லைப் பல்லிடைக் கடித்து ஈரம் பார்க்கவும், பஞ்சைப் பிரித்து இழையின் நீளம் பார்க்கவும் நம் நாட்டார் நன்கறிவர். ஆனால் புகையிலை விஷயத்தில் மட்டும், வியாபாரி இலையை முகர்ந்து முகம் சுளித்தால் விலை குறைகிறது. தலையசைத்தால் விலை ஏறுகிறது. அவர் எதை முகர்ந்தார், எதைக் கண்டு சுளித்தார் என்பது விளைவித்தவருக்குத் தெரிவதில்லை.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் சுற்றுப்பிரயாணம் செய்கையில், கிணற்றுப் பாசனத் தோட்டமுடைய நிலச்சுவான்தார்கள் சிலர், “திண்டுக்கல் சீமையைப்போல் நாமும் சுருட்டுப் புகையிலை வைக்கலாமா?” என்று கேட்பதுண்டு. இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடையிறுத்தல் நியாயமன்று. முதலில் ஓர் உயர்ந்த கைச்சுருட்டை எடுத்து, அதன் குணாகுணங்களை முறையே ஆராய்ந்து, ஒவ்வொரு குணமும் வயலில் எவ்விடத்தில் உண்டாகிறதென்று கண்டால், விடை தானே புலப்படும். அம்முறையைக் கீழே விவரிக்கிறேன்.

சுருட்டின் வரலாறு

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் வழியாக நம் தேசத்துக்கு வந்தது. எனினும் சுருட்டுக்கு உலகப் பெயர் ஒன்றைக் கொடுத்தது தமிழே. ஆங்கிலேயர் வழங்கும் ‘செரூட்’ என்னும் சொல் நமது ‘சுருட்டு’ என்பதன் திரிபாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்று சீமையில் கீர்த்தி பெற்ற சரக்குக்கு இலை பெரும்பாலும் திண்டுக்கல் சுற்றுப்புறத்திலிருந்தே சென்றது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஸ்பென்ஸர் கம்பெனியார் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தினர். உறையூரில் கைச்சுருட்டுத் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்னும் இலை வகைகள் திண்டுக்கல் பக்கத்தில் பேர் பெற்றவை. 1948-இல் சுருட்டுப் புகையிலையின் ஆராய்ச்சிக்கென்றே வேடசந்தூரில் ஒரு நிலையம் ஏற்படுத்தப்பட்டது.

ஆர்தர் கானன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவோர் தரையில் கிடந்த கருநிறச் சாம்பலைக் கொண்டே புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டென்று கண்டுபிடிப்பதாக எழுதியுள்ளார். அது கதையே யாயினும், சாம்பலைப் பார்த்துச் சரக்கை அறியலாம் என்பது மெய். அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

சுருட்டின் மூன்று அங்கங்கள்

நல்ல கைச்சுருட்டில் மூவகை இலைகள் உள. நடுவே நீளவாக்கில் மடித்து வைக்கப்படுவது உள்ளிலை. அதை இறுகப் பிடித்துச் சுற்றுவது கட்டிலை. வெளியே சாய்வாகச் சுற்றப்படுவது மேலிலை. உள்ளிலை ருசியையும் காரத்தையும் தருவது. கட்டிலை உருவத்தைக் காப்பது. மேலிலை கண்ணுக்கும் நாவுக்கும் முதலில் எதிர்ப்படுவது. உயர்ந்த சரக்கில் உள்ளிலை சுருட்டின் நீளத்துக்குச் சரியாக முழு இலையாக இருக்கும். மலிவுச் சரக்கில் நறுக்கும் தூளும் அடைக்கப்பட்டிருக்கும்.

மூன்றிலும் அரிதாகக் கிடைப்பது மேலிலையே. அது மெல்லியதாகவும், கிழியாமல் நீண்டு கொடுப்பதாகவும், நரம்பு பருக்காததாகவும், ஒரே நிறமுள்ளதாகவும், ஓட்டை இல்லாததாகவும் இருத்தல் வேண்டும். உலகில் இதற்குப் பெயர் பெற்றவை சுமத்திரா, ஜாவாத் தீவுகளும், கியூபாவின் மேற்குப் பகுதியும், துணிப்பந்தலின்கீழ் நிழலில் பயிரிடும் அமெரிக்கக் கனெக்டிகட் பள்ளத்தாக்குமாம். இந்தியாவில் வடவங்காளத்துக் கூச்பிஹார் பகுதி இதற்குப் பேர் பெற்றது. ஆகையால் நமது பக்கத்தில் ஒருவர் சுருட்டுப் புகையிலை வைப்பதென்றால், அது உள்ளிலைக்கும் கட்டிலைக்குமே என்று எண்ணிக்கொள்ள வேண்டும். மேலிலையின் விலையைக் கேட்டு உள்ளிலையின் வருமானத்தைக் கணக்கிடுதல் கூடாது.

பரீக்ஷை செய்யும் முறை

ஒரு கட்டிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. மூன்றேனும் எடுத்தல் வேண்டும். மூன்றும் ஒத்திருப்பதே சுருட்டுகிறவரின் கைத்திறத்துக்கு முதற் சான்று. மொத்தம் 100 மதிப்பெண்ணை நான்காகப் பங்கிட்டுக்கொள்வது வசதி: தோற்றத்துக்கு 15, கட்டமைப்புக்கு 20, எரிதலுக்கு 30, மணமும் ருசியும் சேர்ந்து 35. இது நான் உபயோகத்துக்காக வகுத்துக்கொண்ட கணக்கேயன்றி இலாகாவின் உத்தரவு அன்று.

1. தோற்றம். மேலிலையின் நிறம் நுனி முதல் அடி வரை ஒன்றாயிருக்க வேண்டும். பச்சைத் திட்டு இருப்பின், முற்றுமுன் அறுத்ததென்றோ, நிதானமின்றி அவசரமாக உலர்த்தியதென்றோ அறியலாம். ஊசி குத்தினாற்போன்ற துளைகள் புகையிலை வண்டின் வேலை. அக்கட்டை மற்றக் கட்டுகளுடன் சேர்த்து வைக்கலாகாது. வெண்மையாகவோ பசுமையாகவோ பஞ்சுபோற் படர்ந்திருப்பது பூசணம். அதைத் துடைத்துவிட்டு நல்ல சரக்கென்று விற்பது வஞ்சனையாகும்.

2. கட்டமைப்பு. சுருட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து, நுனியிலிருந்து அடிவரை மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். எங்கும் ஒரே தன்மையாகச் சற்றே நெகிழ்ந்து கொடுப்பது நலம். கட்டியாகத் தட்டுப்படும் இடத்தில் உள்ளிலை முறுக்கிக்கொண்டிருக்கும். அங்கே புகை தடைப்படும். அமுங்கி உள்ளே போகும் இடத்தில் இலை குறைவு. அங்கே நெருப்பு விரைந்தோடிச் சூடு மிகும். பிறகு தலையை நறுக்கி, பற்றவைக்காமலே காற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு வாய் வேண்டுவதில்லை. ஒரு சிறு ரப்பர்க் குமிழைப் பொருத்தி அமுக்கி விட்டால் போதும். குமிழ் சோர்வின்றி உப்பி வருமாயின் புகைவழி சரியாக உளது.

3. எரிதல். மண்ணெண்ணெய் விளக்கின் சுடரில் பற்றவைத்தல் ஆகாது. அதன் வாடை இலையில் ஏறிப் பரீக்ஷையைக் கெடுக்கும். சுடருக்குச் சற்று விலக்கிப் பிடித்து, வாயோரம் முழுதும் ஒரே சீராகக் கனியும்படி சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். நன்றாயெரியும் சுருட்டில் நெருப்பு வளையம் நேராக இறங்கும். ஒருபக்கம் மட்டும் எரிந்து மறுபக்கம் நிற்பது, இலை ஒரே பதமாக உலராமைக்கோ, சுற்றிய குறைக்கோ அடையாளம். நடுவில் மட்டும் குடைந்துகொண்டு எரிவது, மேலிலையும் கட்டிலையும் உள்ளிலையைவிட மெதுவாக எரிவதைக் காட்டும். இடையிடையே அணைந்து போவதே பெருங்குற்றம்.

சாம்பலையும் காண்க. உறுதியாகச் சேர்ந்து ஓர் அங்குலம் வரை உதிராமல் நிற்பதும், வெண்மையோ சாம்பல் நிறமோ கொண்டதும் நன்று. கருத்துச் செதில் செதிலாய் உதிர்வது, இலையிலுள்ள கரி முற்றும் எரியவில்லை என்பதைக் காட்டும்.

4. மணமும் ருசியும். பற்றவைக்குமுன் முகர்ந்தால் உலர்ந்த வைக்கோல், மரப்பட்டை, வெல்லப்பாகு இவற்றைப்போன்ற மணம் வரலாம். நவச்சாரத்தைப்போல் மூக்கில் ஏறும் நெடி இருந்தால், இலை அம்பாரத்தில் முழுதும் புழுங்கிப் பதப்படவில்லை. எரியும்போது நாவைக் குத்தும் எரிச்சலும் இதனாலேயே நிகழும். காரம் வேறு, எரிச்சல் வேறு. காரம் இலையின் இயல்பு, எரிச்சல் பதத்தின் குறை. முதல் மூன்றிலொரு பாகத்தில் ஒரு ருசியும், நடுவில் வேறும், கடையில் வேறுமாக வருவது உயர்ந்த சரக்கின் இலக்கணம் என்று தொழிலறிந்தோர் கூறுவர்.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், முதல் மூன்று பரீக்ஷைகளுக்குரிய 65 மதிப்பெண்ணையும், நான்காவதில் முகர்ந்தறிவதற்குரிய பங்கையும், சுருட்டை வாயில் வையாமலே இடலாம். குடியானவருக்கு வேண்டிய அறிவு முழுதும் இவற்றிலே அடங்கியிருக்கிறது. எஞ்சியதை அத்தொழிலையே கொண்டவர்களுக்கு விட்டுவிடலாம்.

ஒவ்வொரு குணமும் வயலில் பிறக்குமிடம்

எரிதலுக்கு ஆதாரம் சாம்பல்சத்தாகிய பொட்டாசியம். அது இலையில் நிரம்ப இருந்தால் நெருப்பு அணையாமல் ஊர்ந்து செல்லும். அதற்குப் பகை குளோரின். இலையின் உலர்ந்த எடையில் சுமார் 2 சதவீதத்தைத் தாண்டினால் எரிதல் கெட்டுவிடும். அவ்விலை ஈரத்தை இழுத்துக் கொண்டு சவசவத்துக் கிடக்கும். குளோரின் இரு வழியாக வருகிறது: உப்புக் கிணற்று நீர் ஒன்று, பொட்டாசியம் குளோரைடு என்னும் உரம் மற்றொன்று. இவ்வுரத்தில் ஏறக்குறைய பாதி குளோரினாகும். நெல்லுக்கும் வாழைக்கும் தயங்காமல் இடும் இதைச் சுருட்டுப் புகையிலைக்கு இடுதல் தன் கையால் நெருப்பை அணைப்பதாகும். பொட்டாசியம் சல்பேட்டையே இடுதல் வேண்டும்.

கோயமுத்தூர்ப் பக்கத்தில் உப்புக் கிணற்று நீர் பாய்ச்சிய புகையிலை நல்ல விலை பெறுகிறதே என்று சிலர் கேட்பர். அது மெல்லும் புகையிலை. எரிய வேண்டாத இலைக்கு உப்பு குணம். எரிய வேண்டிய இலைக்கு அதுவே தோஷம். ஒரே பயிரின் இரு சரக்குகளுக்கு இலக்கணம் நேர்விரோதமாக இருப்பதை இதனால் அறியலாம்.

சாம்பலின் நிறத்துக்கு மக்னீசியமும் சுண்ணாம்பும் காரணம். மக்னீசியம் போதுமானால் சாம்பல் வெளுக்கும். இலையின் தடிப்பும் காரமும் தழைச்சத்தைப் பொறுத்தன. தழைச்சத்தை அதிகமாகவோ காலங்கடந்தோ இட்டால் இலை தடித்துக் கறுத்து, உலர்த்தும்போது பதத்துக்கு வாராது. செடியில் இலை இருக்கும் இடமும் முக்கியம். அடியிலைகள் மெலிந்து மிதமாகவும், உச்சியிலைகள் தடித்துக் காரமாகவும் இருக்கும். பூமொட்டைக் கிள்ளிப் பக்கக் கொழுந்துகளை ஒடித்துவிட்டால் நிக்கோட்டின் இலையில் சேர்ந்து காரம் மிகும். ஆகவே அடி, நடு, உச்சி இலைகளைக் கலந்து ஒரே கட்டாகக் கட்டுகிறவர், மூன்று விலைக்கு உரியதை மிகத் தாழ்ந்த விலைக்கு விற்கிறவராவார்.

நவச்சார நெடி அம்பாரத்தின் குற்றம். உலர்ந்த இலையை அடுக்கி வைத்தால் உள்ளே தானே சூடேறும். கையை உள்ளே நுழைத்துப் பார்த்து, பொறுக்கக்கூடாத சூடு ஏறுமுன் பிரித்து, உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிலிருந்ததை உள்ளிலுமாக மாற்றியடுக்க வேண்டும். பன்முறை இவ்வாறு செய்தபின் சூடு அடங்கி, நெடி நீங்கி, நிறம் ஒருமிக்கும். கடன்காரர் நெருக்கத்தால் இதற்கு முன்பே விற்பவர், பதப்படுத்தும் லாபத்தை வியாபாரிக்குத் தானம் செய்கிறார்.

விற்குமுன் செய்யத்தக்க எளிய பரீக்ஷை ஒன்று உண்டு. உலர்ந்த இலையின் நடுவே, நரம்பில்லாத இடத்தில், கனியும் ஊதுபத்தியால் தொட்டு எடுத்து, அந்தக் கங்கு எத்தனை வினாடி ஊர்கிறதென்று எண்ணுக. தொட்டவுடன் அணைவது கீழ்த்தரம். இதைப் பத்து இலைகளில் செய்து, ஒவ்வொரு கிணற்றுப் பாசனத்து விளைவையும் தனித்தனியே குறித்து வைத்தால், எந்தக் கிணறு உதவும், எது உதவாது என்பது காசு செலவின்றித் தெரியும்.

நமது பள்ளத்தாக்குக்கு இது பொருந்துமா?

பொதிகையிலிருந்து வரும் தாமிரபரணியின் நீர் மேற்பகுதியில் தித்திப்பானது. உப்புக் குறை அதற்கில்லை. ஆயினும் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள 8 அணைக்கட்டுகளின் நஞ்சை நிலம் களிப்பானது. கார், பிசானம் என்னும் இரு போகத்துக்கும் வாழைக்கும் ஏற்பட்ட நிலம் அது. புகையிலையின் வேர் தேங்கிய நீரில் ஒருநாளும் தரியாது. கோதாவரியின் ஆற்றிடைத் தீவுகளாகிய லங்கா நிலங்களில் சுருட்டுப் புகையிலை செழிக்கிறதே எனின், அங்கே வண்டல் படிந்தபின் நீர் வடிந்து நிலம் உலர்ந்து விடுகிறது. நமது நஞ்சையில் அவ்வாறு நேர்வதில்லை. ஆகையால் அணைக்கட்டுப் பாசன நஞ்சையில் இதை வைக்க வேண்டாமென்று திட்டமாகச் சொல்லுவேன்.

கடற்கரையை அடுத்த கிழக்குப் பகுதியின் கிணறுகளில் பல உவரானவை. மேலே சொன்ன குளோரின் தோஷம் அங்கே வந்து சேரும். எஞ்சியது ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், கடையம் பக்கத்துச் செம்மண் தோட்டங்கள். மண்ணும் நீரும் அங்கே பொருந்தலாம். ஆனால் அவை மிளகாய், தக்காளி, கத்தரி விளையும் நிலங்கள். இவை யாவும் புகையிலையின் இனத்தைச் சேர்ந்தவை. புகையிலைத் தேமல் நோய் என்னும் நச்சுயிரி இவற்றுக்கும் பரவும். வேரில் ஒட்டிவாழும் புகையிலைக் காளான் என்னும் களை வந்துவிட்டால், அதன் விதை பல்லாண்டு மண்ணில் கிடக்கும். ஒருவர் புகையிலைக்கு ஆசைப்பட்டு அண்டை நிலத்தாரின் தக்காளியைக் கெடுக்க நேரலாம்.

இதனினும் அணுக்கமான அபாயம் ஒன்று உண்டு. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் முதலிய ஊர்களில் பீடி சுற்றும் தொழில் வீடுதோறும் நடைபெறுகிறது. அதற்குத் தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தும் வருகிறது. தேமல் நச்சுயிரி உலர்ந்த புகையிலையிலும் சாகாது. பீடி சுற்றிய கையோடு தக்காளி நாற்றைத் தொட்டால், ஒரு கையால் ஒரு வயல் நோயுறும். நாற்று நடவும் காய் பறிக்கவும் வருகிறவர்கள் முதலில் சோப்பிட்டுக் கை கழுவும்படி நிலச்சொந்தக்காரர் வரப்பிலேயே தண்ணீரும் சோப்பும் வைத்தல் வேண்டும். வயலுக்குள் பீடியோ சுருட்டோ பிடிப்பதை அனுமதிக்கலாகாது. புகையிலையே பயிரிடாத கிராமத்துக்கும் இவ்வெச்சரிக்கை உரியது.

தேக நலமும் சட்டமும்

சரக்கின் குணத்தை ஆராய்வது வேறு; அதைப் புகைப்பது நன்றென்பது வேறு. பின்னதை நான் சொல்லவில்லை. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மரிக்கின்றனரென்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது. சுருட்டின் புகையை உள்ளே இழுப்பதில்லையே என்று சிலர் சமாதானம் கூறுவர். சுருட்டுப் புகையின் காரத்தன்மையால் நிக்கோட்டின் வாயின் தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் இவற்றில் புற்றுநோய் உண்டாகும். ஒரு சிகரெட்டில் 1 கிராமுக்கும் குறைந்த புகையிலையே உளது. பெரிய சுருட்டொன்றில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கலாம். ஆந்திரக் கடற்கரையில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா பிடிக்கும் வழக்கமுள்ளோருக்கு மேலண்ணத்தில் புற்றுநோய் உண்டாவதை வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர்.

புகைக்காதவருக்கும் வயலில் தீங்குண்டு. பனியால் நனைந்த பச்சை இலையைக் கையாளும்போது நிக்கோட்டின் தோல் வழியே ஏறி, தலைசுற்றலும் வாந்தியும் உண்டாகும். ஆகையால் பனி உலர்ந்த பின்னரே அறுக்கவும், கையுறை அணியவும் வேண்டும். கர்ப்பிணிகளையும் சிறுவர்களையும் இவ்வேலைக்கு வைத்தல் அறவே கூடாது.

கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டத்தை நினைவிற்கொள்ளுதல் நலம். 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதும், கல்விநிலையத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள் விற்பதும், பொது இடத்தில் புகைப்பதும் குற்றமாகும். 2005-இல் அமலுக்கு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்துள்ளது; புகையிலைக் குடியானவருக்கு மாற்றுத் தொழில் காட்டுவதும் அதன் விதிகளில் ஒன்று.

முடிவாகச் சொல்வது

மேற்கூறியவற்றைத் தொகுத்தால், தாமிரபரணிப் பாசனத்தில் இதைப் புதிதாகத் தொடங்குவது உசிதமன்று. ஏற்கனவே வேறிடங்களில் பயிரிட்டு வருவோர் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்பி, குளோரைடு உரத்தை நீக்கி, இலையை நிலைவாரியாகப் பிரித்து, ஊதுபத்திப் பரீக்ஷை செய்து, கையில் குறிப்போடு சந்தைக்குச் செல்க.

மற்றவர்களுக்கு இவ்வாராய்ச்சியால் பயனில்லையென்று எண்ண வேண்டாம். ஒரு சரக்கைப் பார்வை, தீண்டல், மணம், ருசி என்று பகுத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, குறை பிறந்த இடத்தை வயலில் தேடும் இம்முறை எல்லா விளைபொருளுக்கும் உரியது. ஆத்தூர் வெற்றிலையும் உடன்குடிப் பனங்கருப்பட்டியும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. பெயருக்குச் சட்டம் காவல் செய்யும்; குணத்துக்கு விளைவிப்பவரே காவல். வெற்றிலையின் காரம் எந்த உரத்தால் ஏறிற்று, எதனால் குறைந்தது, கருப்பட்டி எந்தப் பதத்தில் இறக்கினால் கசியாது என்பவற்றை, சுருட்டு வியாபாரி இலையை ஆராய்வதுபோல் நம்மவர் ஆராய்ந்து எழுதி வைப்பாராயின், விலையை அடுத்தவர் வாயால் கேட்கும் நிலை மாறும்.